கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்

என்னிடம் ஒரு காலத்தில் உதவி விரிவுரையாளராக இருந்த பெண், இப்போது ஒரு கல்லூரியில் துறைத்தலைவி, போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்த வருஷம் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆளே சேரவில்லையாம். அந்தப் படிப்புக்கு இனி எதிர்காலம் கிடையாது என்று பெற்றோர் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்களாம். "அந்தக் காலத்துல நீங்க என்ன மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டாள். அந்தக் காலமாம்! என்னமோ நான் ஓலைச்சுவடியில் பாடம் நடத்தியது மாதிரி. ஆனாலும் கேள்வி நியாயமானது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். போனில் சொன்னால் நடுநடுவே "ம்ம், ம்ம்" என்று கொட்டிக்கொண்டே இருப்பாள், எனக்கு அது ஆகாது.

திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்து, ஒரு பெண்கள் கல்லூரியில் ஐந்து வருஷம் பாடம் எடுத்தேன். கணவருக்குத் துபாய்க்குக் கிழக்கே கடலோர ஊரான புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கே போய், கடலையும் மலையையும் மாறி மாறிப் பார்த்து அலுத்து, அங்கிருந்த ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை அங்கேயே படித்து வாங்க வழிசெய்யும் கல்லூரி அது. முதல் சில வருஷம் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார இடம் இருக்காது. நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கி வருவோம். இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து அறைக்கே திரும்பிப் போயின.

காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. துபாயிலும் அபுதாபியிலும் கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர் வேலையைப் பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தன. எங்கள் கிழக்குக் கரை வரைக்கும் அது வந்துவிட்டது. அட்மிஷன் அறைக்கு வரும் அப்பாக்கள் உட்காருவதற்கு முன்பே, வேலை எல்லாம் இந்தியாவுக்குப் போகிறதாமே என்பார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தியர்கள். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பையனை பி.பி.ஏ.வில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் இயக்குநர் டாக்டர் ஹாஷிம், சூடான் நாட்டுக்காரர். நெடுநெடுவென்று இருப்பார், குரல் மட்டும் கிசுகிசுப்பாக இருக்கும். அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. மறுக்க வேண்டியதாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துவிட்டுத் தேநீர் சொல்வார். தேநீர் வந்துவிட்டால் நாம் கேட்டது கிடைக்காது என்று அர்த்தம். பதினோரு வருஷத்தில் எனக்கு அவர் அறையில் கிடைத்த தேநீருக்குக் கணக்கில்லை. அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கும். அட்மிஷன் மாதங்களில் ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைத் தினமும் காலையில் தன் கையாலேயே அதில் எழுதுவார். பன்னிரண்டு பேர் சேராத வகுப்பு அந்த வருஷம் நடக்காது. அது கல்லூரி முதலாளிகள் போட்ட விதி.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடையில் கம்ப்யூட்டருக்கு நேரே அவர் எழுதியிருந்த எண் எட்டு. கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.

சேர்க்கை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாணவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவருவார். மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தைத் திருப்பி, அது அசல்தான் என்று அத்தாட்சி தரும் முத்திரைகளைப் பார்ப்பேன். ஊரில் வாங்க வேண்டியது, டெல்லியில் வாங்க வேண்டியது, இங்கே வாங்க வேண்டியது என்று வரிசையாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பிறகு பாஸ்போர்ட், அதில் அப்பாவின் பொறுப்பில் அடித்த விசா. கடைசியாக, விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் பாதுகாவலரின் கையெழுத்து. அதை என் முன்னால்தான் போட வேண்டும். அது நானே வைத்துக்கொண்ட வழக்கம். கையெழுத்துப் போடும்போது அப்பாக்களின் முகத்தைப் பார்த்தால், பிள்ளை மூன்று வருஷமும் தாக்குப்பிடிக்குமா என்று சொல்லிவிடலாம். டாக்டர் ஹாஷிம் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார், ஆனால் தடுக்கவில்லை.

எட்டு என்ற அந்த எண்ணை உயர்த்த நான் ஒரு யோசனை செய்தேன். பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மாலைக் கூட்டம். அதில் பேச சுகுமாரை அழைத்தேன். சுகுமார் தூத்துக்குடிக்காரர், பி.காம். படித்துவிட்டுக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக வந்தவர். தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அந்தக் கம்பெனிக்கான மென்பொருள் முழுவதையும் ஒற்றை ஆளாக எழுதினார். புஜைரா கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, மாற்று மாலுமிகள் எல்லாம் அவர் எழுதிய மென்பொருள் வழியாகத்தான் போகும். அவர் மகள் நித்யா அப்போதுதான் பிளஸ் டூ முடித்து, எங்கள் வகுப்பில் சேருவதாகச் சொல்லியிருந்தாள். இதைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வளைகுடாவில் வேலை போனால் யாரும் உடனே வெளியே சொல்லமாட்டார்கள். விசா, வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறக்கும் வரை பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. சுகுமாருக்கு அந்தக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு கடிதம் கொடுத்திருந்தார்கள். அது எனக்கு மேடையில் அவர் சொல்லித்தான் தெரிந்தது. தன் மென்பொருள் சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகிறது, அங்கே உள்ளவர்களுக்கு இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தான் ஊருக்குப் போக வேண்டும் என்றார். குரல் உயரவில்லை. தன்னிடம் கற்றுக்கொள்ளும் இருவரில் ஒருவர் கோவில்பட்டிக்காரர், நல்ல புத்திசாலி என்று பாராட்டவும் செய்தார். பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள் என்று முடித்தார். யாரும் கை தட்டவில்லை. அதற்குள் பின்வரிசையில் நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். என் வகுப்பை மூடிவிடப் பார்க்கிறீர்களே என்று கேட்டேன், குரலும் கொஞ்சம் தடித்துத்தான் போயிருந்தது.

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா டீச்சர்?" என்றார். "எம் மவளையும் சேக்கப்போறதில்ல. அதயும் சேத்துச் சொல்லிடுதேன்."

மறுநாள் பலகையில் எட்டு ஆறாயிற்று. டாக்டர் ஹாஷிம் தேநீர் சொன்னார்.

அந்த வாரமே நித்யா தனியாக வந்தாள். விண்ணப்பத்தின் மூன்று பக்கத்தையும் அழகாக நிரப்பியிருந்தாள், நான்காம் பக்கம் காலி. அப்பா ஸைன் பண்ண மாட்டேன் என்கிறார், நீங்கள் பேசுங்கள் என்றாள். அவள் புஜைராவிலேயே வளர்ந்தவள். வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம்தான் வரும், பிடிவாதம் மட்டும் சுத்தத் தூத்துக்குடி. பி.பி.ஏ. படிக்கலாமே என்று ஒரு வார்த்தைக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் விண்ணப்பத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்காகப் பேசப் போகிறேனா, பலகையில் ஆறை ஏழாக்கப் போகிறேனா என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. இரண்டும் கலந்துதான் இருந்தது. அதற்காக இப்போதும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

மூன்று வாரம் சுகுமாரைப் பிடிக்கவே முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நித்யாவையும் கூட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்கே போனேன். அங்கெல்லாம் அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை வாரத்தின் முதல் வேலை நாள். சண்டை போடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். ஆனால் அங்கே ஏற்கனவே சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஒரு எண்ணெய்க் கப்பலிலிருந்து பத்தொன்பது மாலுமிகள் பணி முடிந்து இறங்க வேண்டியிருந்தது. அவர்களுடைய பெயர்ப் பட்டியலில் குடியேற்ற அதிகாரி முத்திரை போட்டால்தான் கரைக்கு வர முடியும். சாயங்காலம் துபாயில் விமானம். வெள்ளிக்கிழமை கப்பல் தலைவர் இரண்டு பெயரை மாற்றிச் செய்தி அனுப்பியிருந்தார். பட்டியலைத் திருத்தும் அனுமதி புதன்கிழமையோடு சென்னைக்குப் போய்விட்டது, சுகுமாரின் கடவுச்சொல்லையும் அன்றோடு முடக்கியிருந்தார்கள். சென்னைக்குப் போன் போட்டால் வாட்ச்மேன் எடுத்தார். இன்றைக்கு லீவு சார், திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். எங்களுக்கு வாரம் தொடங்குகிற நாளில் அவர்களுக்கு வாரம் முடிந்து போயிருந்தது. மேனேஜர் யாரையோ அரபியில் திட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேரும் படகுக்காகக் கப்பல் தளத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சுகுமார் என்னைப் பார்த்தார், ஒரு நிமிஷம் டீச்சர் என்றார். பட்டியல் முழுவதையும் வெள்ளைத்தாளில் தானே தட்டச்சு செய்தார். பத்தொன்பது பாஸ்போர்ட் நகலையும் எடுத்து வரிசைப்படுத்தினார். பிறகு எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓட்டினார். எங்களை வாசலுக்கு வெளியே காரில் உட்காரவைத்துவிட்டு அதிகாரியைப் பார்க்க உள்ளே போனார். அவரை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனிக்காக அப்படி ஓடினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

காரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நித்யா மடியில் எங்கள் பாடத்திட்டப் புத்தகத்தை வைத்திருந்தாள். விண்ணப்பத்தோடு எல்லாருக்கும் கொடுப்பதுதான், யாரும் படிப்பதில்லை. இவள் படித்திருந்தாள்.

"மிஸ், இதுல இருக்கறது எல்லாமே சென்னைல இருக்கறவங்களுக்குத் தெரியும்," என்றாள். "பட் சாட்டர்டே இங்க வொர்க்கிங் டேன்னு ஒருத்தருக்கும் தோணல. அதை எந்த சப்ஜெக்ட்ல சொல்லித் தருவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளிடம் பதினேழு வயசுப் பெண் கேட்கிற கேள்வியா இது என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன்.

சுகுமார் முத்திரை போட்ட தாளோடு திரும்பி வந்தார், சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அந்த அதிகாரிக்குப் பதினைந்து வருஷமாக அவரைத் தெரியும் என்பதால்தான் கையால் அடித்த பட்டியலை ஒத்துக்கொண்டார். வண்டியை எடுப்பதற்கு முன் தாளில் பெயர்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"தப்பு எம்மேலதான் டீச்சர். எம்பது பக்கம் எழுதிக் குடுத்தேன். எந்த ஸ்கிரீன்ல எந்தப் பட்டன் அமுக்கணும்னு ஒண்ணு விடாம எழுதினேன். சனிக்கிழம நமக்கு வேலை நாளுன்னு எழுதல. அத யாராவது எழுதுவாங்களா?"

அன்றைக்கு நான் கையெழுத்துக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பாடங்களில் கை வைக்க முடியாது. ஆனால் ஆய்வக நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது எங்கள் பொறுப்பு. அதில் வாரத்துக்கு ஒரு முழு நாளை வெட்டி எடுத்தேன். முதல் வருஷத்திலிருந்தே மாணவர்கள் அந்த நாளில் கப்பல் ஏஜென்சி, கிடங்கு, மருத்துவமனை என்று ஏதாவது ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும். அங்கே உள்ளவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எதைச் சொல்லாமலே செய்கிறார்கள் என்று எழுதி வர வேண்டும். அதன் பிறகுதான் மென்பொருளைத் தொடலாம். இதைத் தட்டச்சு செய்து, மூன்றாம் நாள் சுகுமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பென்சிலால் ஓரிடத்தில் மட்டும் திருத்தினார். ஆபீசில் உட்கார்ந்தால் போதாது, படகில் ஒரு தடவையாவது கப்பலுக்குப் போய் வர வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார். பிறகு நித்யாவின் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்னும் இரண்டு தடை இருந்தன. ஒன்று எண்ணிக்கை. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புஜைராவில் இருந்த ஒவ்வொரு கப்பல் ஆபீசாக ஏறி இறங்கினேன். பிளஸ் டூ வரை படித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம், அடுத்து உங்கள் வேலைதான் சென்னைக்குப் போகும், அதற்கு முன் வந்து படியுங்கள் என்று நேரடியாகச் சொன்னேன். சிலருக்குக் கோபம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், மலையாளிகள் இருவர், ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஆக நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்காக வகுப்பை மாலை நேரத்துக்கு மாற்றினேன்.

இன்னொன்று நித்யாவின் விசா. அப்பா நாட்டைவிட்டுப் போனால் மகளின் விசாவும் போய்விடும். கல்லூரியே பொறுப்பேற்று விசா எடுக்கலாம். ஆனால் குடும்பம் இல்லாமல் தனியாகத் தங்கும் பெண்ணுக்கு அதுவரை டாக்டர் ஹாஷிம் கையெழுத்துப் போட்டதில்லை. கடைசி நாள் அவர் அறைக்குப் போனேன். நித்யாவையும் சேர்த்துப் பலகையில் பதினொன்றுதான் இருந்தது, விதிக்கு ஒருவர் குறைவு. அவர் கை கண்ணாடியை நோக்கிப் போயிற்று.

தேநீர் வேண்டாம் சார் என்றேன். அந்த அறையில் நான் ஒருபோதும் அப்படிப் பேசியதில்லை. கண்ணாடியைத் தொட்ட கை அங்கேயே நின்றது. அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். என்னை என்றேன். அவள் அப்பா யாரைக் கூப்பிடுவார் என்றார். அதற்கும் என்னைத்தான் என்றேன். அவள் எங்கள் வீட்டில் இருப்பாள், என் கணவரிடம் கேட்டாயிற்று என்றும் சொன்னேன். அது மட்டும் பொய், அன்று சாயங்காலம்தான் கேட்டேன். டாக்டர் ஹாஷிம் விசாத்தாளில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கே வகுப்பைத் தொடங்கிவிடுங்கள், மேடம்," என்றார் ஆங்கிலத்தில். "தொடங்கிய வகுப்பை மூடுவதற்கு நான்தான் கையெழுத்திட வேண்டும். என் கைக்கு வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் எழுதும்."

பதினோரு பேரோடு வகுப்பு தொடங்கிற்று. அதற்கடுத்த வருஷம் பதினாறு பேர் வந்தார்கள். பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன், நாற்காலி தூக்கி வரும் நாள் திரும்பி வரவேயில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும் வரை அந்த வகுப்பு ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

சுகுமார் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். கொஞ்ச நாளில், அவர் வேலையை எடுத்துக்கொண்ட அதே சென்னைக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. அந்தச் சனிக்கிழமை நடந்தது அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மகளோடு எங்கள் வீட்டுப் போனில் பேசுவார். வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார், அவளும் கேட்கமாட்டாள்.

நித்யா இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பாவின் பழைய ஆபீசிலேயே அவளைப் பயிற்சிக்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை காலை, அவள் எப்படிச் செய்கிறாள் என்று மதிப்பெண் போடப் போய், ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இறங்கும் மாலுமிகளின் பட்டியலில் மறுபடியும் கடைசி நேர மாற்றம். சென்னையில் சனிக்கிழமைக்கும் ஆள் போட்டுவிட்டார்கள், அந்த வாரத்திலிருந்துதான், என்றார் மேனேஜர். நித்யா ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"புஜைரா டெஸ்க். குட் மார்னிங்."

அவள் கை மேஜை மேல் அப்படியே நின்றது. எனக்கும் அந்தக் குரல் தெரிந்துவிட்டது.

"குட் மார்னிங் சார்," என்றாள். "புஜைரால இருந்து ட்ரெய்னி நித்யா பேசறேன். ஸைன் ஆஃப் லிஸ்ட்ல ஒரு நேம் சேஞ்ச்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க," என்றார்.

அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள், பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நடுவில் வேறு ஒரு வார்த்தை இல்லை. பட்டியல் எங்கள் பக்கத்து அச்சுப்பொறியில் வந்து விழுந்தது. அவள் எடுத்து வரி வரியாகச் சரிபார்த்தாள்.

"கரெக்டா இருக்கு சார்."

"படகு எத்தன மணிக்கு?"

"டென் தர்ட்டி."

"அப்பக் கிளம்பு. வெயில்ல நிக்காங்க."

"சரிப்பா," என்றாள்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கிப் போனாள். நான்தான் அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.